லட்ச ரூபாய்க் கைத்துப்பாக்கி

வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்னும் யோசனை, கையில் சிறிது பொருள் உள்ள குடும்பஸ்தர்களிடையே அவ்வப்போது எழுவதுண்டு. எங்கேனும் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்ததாகப் பத்திரிகைகளில் செய்தி வெளிவந்தவுடன் அந்த யோசனை வலுப்பெறுகிறது. சில நாட்களில் அடங்கிவிடுகிறது. இதை அவரவர் சொந்தக் காரியம் என்று நாம் விட்டுவிடலாம். ஆனால், சர்க்கார் தொழிற்சாலையே ஒரு துப்பாக்கியைச் செய்து, பெண்களின் பாதுகாப்புக்காக என்று விளம்பரம் செய்து, விற்பனைக்கும் வைத்த பின்னர், இது பொது விஷயமாகிவிட்டது. ஆகவே இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆயுதம் தாங்கும் உரிமை என்றவுடன் தேசாபிமானிகள் பலருக்கு ரத்தம் சூடேறுவது இயல்பே. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோதுதான் ஆயுதச் சட்டம் பிறந்தது. தேசபாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில், அதே கையால் இயற்றப்பட்டது. பத்திரிகைச் சட்டம் ரிப்பன் பிரபுவின் காலத்தில் ஒழிந்தது. ஆயுதச் சட்டமோ நிலைத்து நின்றது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியனுக்கோ அந்த விதியிலிருந்து விலக்கு. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் அச்சட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் வந்தபோது, இளைஞராயிருந்த விபின சந்திர பாலர் அதனை ரத்துச் செய்யும்படி ஆவேசத்துடன் வாதாடினார். 1931-இல் கராச்சியில் நிறைவேறிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

இவ்வளவையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டே நாம் எழுதுகிறோம். நமது முன்னோர்கள் எதிர்த்தது எதனை? ஒரே தேசத்தில் ஒரு ஜாதியாருக்கு ஒரு சட்டமும் மற்றோருக்கு வேறொரு சட்டமும் இருந்த அவமானத்தையே அவர்கள் முக்கியமாக எதிர்த்தார்கள். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்க வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. சுதந்திரம் வந்த பின்னர், 1948-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஸ்ரீ எச். வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆயுதம் தாங்குவதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்க்க வேண்டுமென்பது அவர் கோரிக்கை. டாக்டர் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அந்நிய ஆட்சியில் ஆயுதமின்மை அடிமைத்தனத்தின் அடையாளமாயிருந்தது. சொந்த ஆட்சியில், பிரஜைகளைக் காப்பாற்றும் பொறுப்பைப் பிரஜைகளே நியமித்த சர்க்கார் ஏற்கிறது. இரண்டு நிலைமைகளையும் ஒன்றாக எண்ணுவது பிசகு.

இப்பொழுது துப்பாக்கியின் விஷயத்துக்கு வருவோம். 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஓர் இளம் மாணவிக்கு நேர்ந்த கதியை நாடு மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அவளுடைய பெயரை வெளியிடலாகாது என்பதால் பத்திரிகைகள் அவளை 'நிர்பயா' என்று அழைத்தன. அச்சமற்றவள் என்பது அதன் பொருள். 2014 ஜனவரியில், கான்பூரிலுள்ள சர்க்கார் பீரங்கித் தொழிற்சாலையார் அப்பெயரையொட்டி 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டார்கள். .32 அளவுள்ள தோட்டாக்கள் ஆறு கொள்வது. டைட்டானியம் கலந்த உலோகத்தால் செய்யப்பட்டு 500 கிராம் எடையே உள்ளது. பெண்கள் கைப்பையில் எளிதாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நகைப் பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்து விற்றார்கள். அப்பொழுது அதன் விலை 1,22,360 ரூபாய்.

அந்த விலையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அந்நாளில் ஓர் இந்தியருடைய சராசரி ஆண்டு வருமானம் அத்தொகையை எட்டவில்லை. டில்லியில் மாண்ட அந்தப் பெண்ணின் தகப்பனார் விமான நிலையத்தில் சுமை ஏற்றி இறக்கும் வேலை செய்தவர்; மகளின் படிப்புக்காகப் பூர்வீக நிலத்தை விற்றவர். எவளுடைய பெயரை அந்த ரிவால்வருக்குச் சூட்டினார்களோ, அவளால் அதனை ஒரு நாளும் வாங்கியிருக்க முடியாது. இரவு வேலை முடித்து பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஆலைத் தொழிலாளியோ, ஆஸ்பத்திரித் தாதியோ, கட்டட வேலைக்குப் போகும் கூலிப் பெண்ணோ அதனை வாங்க முடியாது. வாங்கக்கூடியவள், சொந்த மோட்டாரில் சென்று சொந்த மோட்டாரில் திரும்புகிறவள். ஆபத்து அதிகமுள்ள இடத்தில் அந்த ஆயுதம் இராது. ஆயுதம் உள்ள இடத்தில் ஆபத்து குறைவு.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் ஒரு நல்ல விதி இருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைக் கொண்டு எவருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்பதே அது. சட்டம் ஏழைக்குத் திறந்து வைத்த கதவை விலை சாத்திவிட்டது. இன்னொரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பரில் சரக்கு சேவை வரியைத் திருத்தி அமைத்தபோது, கைத்துப்பாக்கிகளை 100-க்கு 40 விகிதம் வரி விதிக்கும் வகுப்பில் சேர்த்தார்கள். உல்லாசப் படகுகளும் சொந்த உபயோகத்துக்கான விமானங்களும் உள்ள வகுப்பு அது. பெண்களைக் காக்கும் சாதனம் என்று ஒரு காலத்தில் சர்க்கார் விற்றதை, சர்க்காரே இன்று ஆடம்பரப் பொருள் என்று கணக்கில் எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது தீர்ப்பே உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது நமது கருத்து.

விலை ஒருபுறம் இருக்கட்டும்; பணமுள்ளவர் வாங்கினால் கொடுத்த பணத்துக்கு என்ன பெறுகிறார்? துப்பாக்கியின் பலம் தோட்டாவில் இருக்கிறது. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் உரிய 9 மில்லிமீட்டர், .38 முதலிய அளவுகள் நம் நாட்டில் பொதுஜனங்களுக்கு விலக்கப்பட்டவை. ஆதலின் அவர்களுக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது .32. இந்த ரிவால்வர்களில் இடும் .32 நீளத் தோட்டா 1896-இல் அமெரிக்காவில் தோன்றியது. போலீஸார் இன்று உபயோகிக்கும் 9 மில்லிமீட்டர் தோட்டாவின் வேகபலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அதற்கு உண்டு. அது உயிரைப் போக்காது என்று நாம் சொல்லவில்லை, நன்றாகப் போக்கும். ஆனால் வெறி கொண்டு பாய்ந்து வருகிறவனை அக்கணமே நிறுத்தும் என்று நம்பி லட்ச ரூபாய் கொடுப்பவர் இதனை அறிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

அந்தத் தோட்டாக்களையும் நினைத்தபோது நினைத்த அளவு வாங்க முடியாது. லைசென்ஸிலேயே எத்தனை தோட்டா வாங்கலாம் என்று வரையறுத்து எழுதப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமே வாங்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, லைசென்ஸ் கோருபவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்பது சரியே. ஆனால் ஒரு முறை பெற்ற பயிற்சியால் கை தேர்ந்துவிடாது. சிறிய குழாயும் இலேசான உடலும் கொண்ட ரிவால்வரைச் சுட்டுக் குறி தவறாமல் அடிப்பது, கனத்த துப்பாக்கியால் அடிப்பதைவிடக் கடினம். வாரந்தோறும் பழகாத கை, பதற்றத்தில் நடுங்கும். பழகுவதற்குத் தோட்டா வேண்டும். தோட்டாவுக்குப் பணமும் அனுமதியும் வேண்டும். சுடுவதற்கு ஓர் இடமும் வேண்டும். நம் ஜில்லாக்களில் அத்தகைய இடங்கள் எத்தனை என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம். விலை கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆறு தோட்டாவை நிரப்பி அலமாரியில் வைத்துப் பூட்டுவதோடு நின்றுவிடுவார்கள். அங்கே அது ஆயுதமாக அன்று, மனச் சமாதானமாகவே கிடக்கும்.

பூட்டி வைத்தாலும் சங்கடம், பூட்டாவிட்டாலும் சங்கடம். பூட்டி வைத்த துப்பாக்கி, கதவை உடைத்துக்கொண்டு ஒருவன் வரும் நேரத்துக்கு உதவாது. தலையணையின் கீழ் வைத்த துப்பாக்கியை முதலில் கண்டெடுப்பது வீட்டுக் குழந்தையாயிருக்கலாம். கைப்பையில் உள்ளது கைப்பையோடு திருட்டுப் போகலாம்; போனால் அது சேரும் இடம் நல்ல இடமாயிராது. தேர்தல் வந்தால், லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதும் பல இடங்களில் வழக்கம். ஊரில் கட்சிச் சண்டை மிகுந்து பயம் அதிகமாகும் நாட்களில், பயத்துக்கு மருந்தாக வாங்கிய பொருள் போலீஸ் நிலையத்தில் இருக்கும்.

இவற்றைவிட முக்கியமான ஆக்ஷேபணை ஒன்று உண்டு. கைத்துப்பாக்கி வாங்குகிறவர் தம் மனக்கண்ணில் காண்பது யாரை? இருட்டில் மறைந்து நிற்கும் முகமறியாத துஷ்டனை. தேசியக் குற்றப் பதிவு ஸ்தாபனத்தாரின் கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் பதிவான பலாத்கார வழக்குகளில், 100-க்குச் சுமார் 95 வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவனே. உறவினன், அண்டை வீட்டுக்காரன், வேலை கொடுத்தவன், கல்யாணம் செய்துகொள்வதாக வாக்களித்தவன் என்று அந்தப் பட்டியல் போகிறது. இவர்களை எதிர்த்து ஒரு பெண் எப்போது கைப்பையைத் திறப்பாள்? அவன் வீட்டுக்குள் வரும்போது அவனுக்குக் காபி கொடுத்து உபசரிக்கும்படி அவளுக்குச் சொல்லியிருக்கிறோம். ஒருகால் வீட்டில் துப்பாக்கி இருந்தால், அந்த அலமாரியின் சாவியும் அத்தகையவன் கையில்தான் இருக்கும்.

துப்பாக்கி மலிந்த தேசத்தின் அனுபவத்தையும் பார்ப்பது நலம். அமெரிக்காவில் கைத்துப்பாக்கி கடைச் சரக்கு. அங்கே 1993-இல் பிரபல வைத்தியப் பத்திரிகையொன்றில் வெளியான ஆராய்ச்சியில், துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் கொலை நேரும் அபாயம் மற்ற வீடுகளைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு என்று கண்டார்கள். அந்த அதிக அபாயமும் பெரும்பாலும் குடும்பத்தினர், நெருங்கிப் பழகியவர் கையாலேயே வந்தது. 2021-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். துயரத்தின் வேகத்தில் எழும் எண்ணம் பல சமயங்களில் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். உறவும் நட்பும் ஆறுதல் கூற அவகாசம் கிடைத்தால் உயிர் பிழைக்கும். கைக்கெட்டும் துப்பாக்கி அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. கடன் தொல்லையும் பரீட்சைத் தோல்வியும் குடும்பக் கலகமும் உள்ள நம் வீடுகளில் இதனை ஒவ்வொரு தகப்பனாரும் யோசிக்க வேண்டும்.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறோம். தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் தாராளமாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதீய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைப் பற்றியவை. பலாத்காரத்தையோ, மரணம் அல்லது கொடுங்காயம் விளையும் தாக்குதலையோ, திராவக வீச்சையோ தடுக்கும்போது எதிரியின் உயிர் போனாலும் குற்றமில்லை என்று 38-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தபோது இந்த உரிமை இல்லை என்று 37-ஆவது பிரிவு வரம்பு கட்டுகிறது. சுட்டவர்தாம் தமது செய்கை அந்த வரம்புக்குட்பட்டது என்று கோர்ட்டில் காட்ட வேண்டும். இருட்டில், ஒரு விநாடியில் செய்த தீர்மானத்தை, வருஷக்கணக்கில் நிதானமாக விசாரிப்பார்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுட்டாலும், அதனால் மனித உயிருக்கு அபாயம் நேருமாயின், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை சிறைவாசமோ, லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

'அப்படியானால் எவருமே ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாதா?' என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு நாம் சொல்லவில்லை. மனித சஞ்சாரமற்ற மலைத் தோட்டத்தில் குடும்பத்தோடு வசிப்பவர், பெருந்தொகையை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லும் கடமையுள்ளவர், கொலைகாரர்களுக்கெதிராகச் சாட்சி சொன்னதால் உண்மையாகவே உயிருக்கு அபாயமுள்ளவர் ஆகியோருடைய தேவை வேறு. அத்தகையோருக்கு ஜாதி, கட்சி, சிபார்சு பாராமல் லைசென்ஸ் கொடுப்பது அதிகாரிகளின் கடமை. அவர்களும் முறையாகப் பழகி, ஆயுதத்தைப் பூட்டி வைக்கும் ஒழுங்குடையவர்களாயிருத்தல் வேண்டும். நாம் ஆக்ஷேபிப்பது, தேவையைக் காட்டாமல் பயத்தையும் கௌரவத்தையும் காட்டித் துப்பாக்கி விற்பதையே.

துப்பாக்கி பெருகினால் துஷ்டர்கள் அடங்குவார்கள் என்னும் யுக்திக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு முடிவில் இந்தியாவிலிருந்த லைசென்ஸ்கள் சுமார் 33.69 லட்சம். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம், தமிழ்நாட்டில் சுமார் 22,500. தமிழ்நாட்டுப் பெண்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று நாம் பெருமை பேசவில்லை. குறைகள் மலை போல் உள்ளன. ஆனால் தமிழ்நாட்டைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல் லைசென்ஸ் கொடுத்ததனால் உத்தரப் பிரதேசத்துப் பெண்கள் இரவில் அச்சமின்றி நடமாடுகிறார்கள் என்று சொல்லத் துணிபவர் உண்டா?

டில்லிச் சம்பவத்துக்குப் பின் நியமிக்கப்பட்ட நீதிபதி வர்மா கமிட்டியார், சுமார் 80,000 யோசனைகளைப் பெற்று, 29 நாட்களில் அறிக்கை தந்தார்கள். போலீஸ் இலாகாவின் சீர்திருத்தத்தை அவர்கள் வலியுறுத்தினார்கள். அதற்கு முன்பே 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார் அதே விஷயத்தில் கட்டளைகள் பிறப்பித்திருந்தார்கள். 2013-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் நிர்பயா நிதி என்று 1,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அப்பணம் உரிய காலத்தில் செலவாகவில்லை என்ற குறை பன்முறை எழுந்தது. செலவழிக்க வேண்டிய பணத்தைச் செலவழிக்காத ராஜாங்கம், பிரஜையைப் பார்த்து, 'உன் பணத்தில் ஒரு ரிவால்வர் வாங்கிக்கொள்' என்பது நியாயமாகுமா? காவற்காரன் தூங்கிக்கொண்டே வீட்டுக்காரனுக்குத் தடி விற்பதற்கு இது ஒப்பாகும்.

தொண்டர்கள் செய்யக்கூடிய வேலை நிரம்ப இருக்கிறது. அதற்குத் தோட்டா தேவையில்லை. பலாத்காரம் முதலிய குற்றங்களைப் பற்றிப் பெண் கொடுக்கும் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கு, ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை கடுங்காவல் உண்டு என்று 2013-இல் சட்டம் செய்தார்கள். இப்பொழுது அது நியாய சம்ஹிதையின் 199-ஆவது பிரிவு. இந்த விதி எத்தனை கிராமங்களில் தெரியும்? புகார் சொல்லப் போகும் பெண்ணோடு துணையாகப் போலீஸ் நிலையத்துக்குப் போக ஊருக்கு இரண்டு பேர் முன்வரட்டும். பதிவான புகாரின் நகலைக் கையில் வாங்கும் வரை அவர்கள் திரும்பக் கூடாது. விளக்கில்லாத தெருவுக்கு விளக்கும், கடைசி பஸ் வராத ஊருக்கு பஸ்ஸும் கேட்டு, நகரசபையையும் பஞ்சாயத்தையும் விடாமல் நச்சரிக்கட்டும். தெரிந்தவன் செய்த குற்றத்தை மூடி மறைத்துப் பெண்ணின் வாயை அடைக்கும் குடும்பத்தாரிடமும் பஞ்சாயத்தாரிடமும் அஞ்சாமல் வாதாடட்டும். இவற்றில் எதற்கும் லைசென்ஸ் வேண்டியதில்லை.

ஆகவே, சாதாரணக் குடும்பஸ்தர் எவரேனும் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ரிவால்வர் வாங்கலாமா என்று நம்மைக் கேட்டால், வேண்டாம் என்பதே நமது பதில். அந்தப் பணத்தை அவர் மகளின் படிப்புக்குச் செலவிடட்டும். அவள் சொல்லும் குறையை அன்போடும் நம்பிக்கையோடும் காது கொடுத்துக் கேட்கட்டும். அச்சமின்மையை லட்ச ரூபாய் உள்ளவர்க்கு மட்டும் கிடைக்கும் சரக்காக நாம் ஏற்க முடியாது. சர்க்கார் அதனைத் தெருவிலும், பஸ்ஸிலும், போலீஸ் நிலையத்திலும் எல்லாப் பெண்களுக்கும் விலையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும். செய்யும் வரையில் கேட்டுக்கொண்டேயிருப்பது நமது கடமை.